வீட்டுக் கல்வியில் எழுத்துப் பயிற்சி: பாடவிதானத் தெரிவும் வாசகர் பிரச்சினையும்

1

பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிக்கும் பாடவிதானங்களை இலக்கியத் திறனாய்வாளர் ஆராய்வது அரிது. அவை கல்வியியலுக்கு உரியவை என ஒதுக்கிவிடுதலே நம்மிடையே வழக்கமாக உள்ளது. ஆயின் எழுத்து என்பது யாது, நல்ல எழுத்து எத்தகையது, யார் யாருக்காக எழுதுகின்றனர் என்னும் வினாக்களுக்கு வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ விடை கூறாமல் எவரும் எழுத்துப் பயிற்சி நூலொன்றை ஆக்குதல் இயலாது. அவ்வகையில் ஒவ்வோர் எழுத்துப் பாடவிதானமும் தன்னுள்ளே ஓர் இலக்கியக் கொள்கையைக் கொண்டுள்ளது. அக்கொள்கை எந்தச் சமூக உறவுகளிலிருந்து தோன்றியது, எவற்றைப் பேணுகின்றது என்று வினவுதல் திறனாய்வாளரின் கடனாகும்.

இவ்வினாவை எழுப்புவதற்கு வாய்ப்பான களம் ஐக்கிய அமெரிக்காவின் வீட்டுக் கல்வியாகும். பொதுப் பாடசாலையிலே பாடநூலைத் தெரிவு செய்பவர் ஒருவர், கற்பிப்பவர் வேறொருவர். வீட்டுக் கல்வியிலோ பெற்றோர், பெரும்பாலும் தாய், சந்தையில் உள்ள பல பாடவிதானங்களுள் ஒன்றைத் தாமே தெரிந்து, விலைகொடுத்து வாங்கி, தாமே கற்பிக்க வேண்டியுள்ளது. கொள்கைகள் பண்டங்களாக அருகருகே வைக்கப்பட்டிருப்பதால் அவற்றின் வேறுபாடுகள் அங்கே துலக்கமாகத் தெரிகின்றன.

இது சிறு குழுவொன்றின் பிரச்சினையுமன்று. அந்நாட்டின் கல்விப் புள்ளிவிபர நிலையம் மதிப்பிட்டவாறு, 1999இல் வீட்டிற் கற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 8.5 இலட்சம், அதாவது 1.7 வீதம். 2016இல் அத்தொகை ஏறத்தாழ 17 இலட்சமாகவும் 3.3 வீதமாகவும் இருந்தது. பெருந்தொற்று நிலவிய 2020இல் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் நடத்திய ஆய்வில், பாடசாலை வயதுப் பிள்ளைகளுள்ள குடும்பங்களுள் வீட்டிற் கற்பிப்பதாகக் கூறியவை வசந்த காலத்தில் 5.4 வீதமாகவும் இலையுதிர் காலத்தில் 11.1 வீதமாகவும் காணப்பட்டன. கறுப்பினக் குடும்பங்களிடையே இவ்வீதம் 3.3இலிருந்து 16.1ஆக உயர்ந்தமை தனியே மனங்கொள்ளத்தக்கது.

வீட்டுக் கல்வியைச் சமயப் பழமைவாதிகளின் முயற்சி என்றோ, பொதுக் கல்வியைக் கைவிட்ட நடுத்தர வர்க்கத்தின் ஒதுங்கல் என்றோ ஒரு சொல்லில் நிராகரித்தல் முற்போக்காளருக்கு எளிது. இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோன் ஹோல்ட் பாடசாலையின் அதிகாரத் தன்மையை எதிர்த்த சீர்திருத்தவாதியாவார். பிள்ளைகள் ஏன் தோல்வியுறுகின்றனர் என்பதை 1964இல் நூலாக ஆராய்ந்த அவர், பாடசாலையைத் திருத்தலாம் என்னும் நம்பிக்கை தளர்ந்த பின்னரே 1977இல் பாடசாலையின்றி வளரும் பிள்ளைகளுக்கான சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டிலே, போல்ஸ், கின்ரிஸ் என்னும் பொருளியலாளர் இருவர் அமெரிக்கப் பாடசாலை முதலாளித்துவ வேலைத்தலத்தின் உறவுகளை எவ்வாறு மீளுற்பத்தி செய்கின்றது என்பதை எடுத்துக்காட்டியிருந்தனர். நோய் குறித்து இருசாராரும் பெரிதும் உடன்படுவர். மருந்து குறித்தே வேறுபடுவர். எனவே வீட்டுக் கல்வி சரியா பிழையா என்னும் பொது வாதத்தை விடுத்து, அங்கே பிள்ளையின் எழுத்துக்கு நேர்வது யாது என்பதை ஆராய்வோம்.

2

சந்தையிலுள்ள பாடவிதானங்கள் பலவாயினும் அவற்றின் அடிப்படைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, போலச்செய்தற் கொள்கை. இதன் மூலம் கிரேக்க, உரோமக் கல்வியாகும். 4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவைச் சேர்ந்த அப்தோனியஸ் தொகுத்த 14 முன்பயிற்சிகள் கட்டுக்கதையை மீளச் சொல்லுதலில் தொடங்கிப் படிப்படியாகச் சட்டமொன்றை ஆதரித்தும் எதிர்த்தும் வாதிடுதல்வரை செல்கின்றன. டொரதி சேயர்ஸ் 1947இல் ஒக்ஸ்போர்ட்டில் ஆற்றிய உரை, இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை என்னும் இடைக்கால முப்பாடங்களை மீட்க வேண்டும் என்றது. ஜெசி வைஸ், சூசன் வைஸ் பௌவர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை அமெரிக்க வீட்டுக் கல்வியிற் பரப்பியது. இப்பயிற்சிகள் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த சமூகத்தின் சுதந்திர ஆடவரை நீதிமன்றுக்கும் அவைக்கும் ஆயத்தப்படுத்தின. ஆயினும் ஒன்றை மறுத்தலாகாது: அந்த மாணவனுக்கு அவை ஒன்று காத்திருந்தது. இன்று பயிற்சி எஞ்சியுள்ளது; அவை இல்லை.

இக்கொள்கையின் வணிக வடிவத்தை எழுத்துச் சிறப்பு நிறுவனம் எனப் பொருள்படும் பெயரில் இயங்கும் அமெரிக்க நிறுவனத்தின் பாடங்களிற் காணலாம். பிள்ளை மூலப் பகுதியொன்றின் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் இரண்டு மூன்று சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து பகுதியை மீள எழுதுகின்றது. பின்னர், வலிய வினை, வினையடை, காரணத் தொடர் முதலியன இடம்பெற்றனவா எனப் பட்டியலொன்றைப் பார்த்துச் சரியிடுகின்றது. வெற்றுத்தாளின் முன் அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு இது கைகொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் நடை என்பது பொருளுக்கும் கேட்போருக்குமிடையே பிறக்கும் உறவு என்னும் உணர்வு இங்கு மறைந்து, எண்ணிப் பார்க்கத்தக்க உறுப்புகளின் தொகையாக நடை மாறிவிடுகின்றது.

இரண்டாவது, சார்லட் மேசன் (1842-1923) வகுத்த மீளக்கூறல் முறை. சிறு வயதில் கட்டுரை எழுதுவிக்கலாகாது. நல்ல நூலொன்றை ஒருமுறை வாசித்து, பிள்ளை அதனைத் தன் சொற்களால் வாய்மொழியாகக் கூற வேண்டும். பார்த்தெழுதலும் சொல்வதெழுதலும் உடன் நிகழும். ஏறத்தாழ 10 வயதின் பின்னரே எழுத்துவழிக் கூறல் வரும் என்பார் அவர். 1887இல் அவர் தொடக்கிய பெற்றோர் சங்கத்தின் அஞ்சல்வழிப் பாடங்கள் பேரரசின் குடியேற்ற நாடுகளிற் பணிபுரிந்த ஆங்கிலக் குடும்பங்களுக்கும் பயன்பட்டன. அதன் வர்க்கச் சார்பு வெளிப்படை. எனினும் 1914இல் யோக்‌ஷயரில் டிறிக்லிங்ரன் என்னும் சுரங்கக் கிராமத்தின் பாடசாலையில் இம்முறை கையாளப்பட்டபோது, தொழிலாளர் பிள்ளைகளும் செழுமையான நூல்களைக் கற்று மீளக்கூறினர். பண்பாட்டை ஏற்கும் ஆற்றல் உயர் வர்க்கத்தின் பிறப்புரிமையன்று என்பதற்கு அது சான்றாயிற்று. வாய்மொழிக்கும் எழுத்துக்குமிடையே பாலமிடுவது இம்முறையின் சிறப்பு. நூலை மீளக்கூறும் பிள்ளை நூலுக்கு மறுமொழி கூறுமிடம் எது என்பது இதில் தெளிவாக இல்லை.

மூன்றாவது, சுயவெளிப்பாட்டுக் கொள்கை. பிள்ளையின் உள்ளத்தில் தனிக்குரலொன்று உண்டு. தடைகளை அகற்றினால் அது தானே எழுத்தாக வெளிப்படும் என்பது இதன் துணிபு. ஹோல்ட்டின் வழிவந்தோர் பலர் இதனை ஏற்பர். பிள்ளையை மதித்தல் இதன் அறம். ஆனால் சமூகத்துக்கு முற்பட்ட தனிமனிதன் என்னும் கற்பனாவாதக் கருத்துநிலையே இதன் அடித்தளமாகும். எல்லாக் குரலும் இயல்பாக மலரும் என்று கூறும்போது, நூல்களும் ஓய்வும் நிறைந்த வீட்டில் மலர்வதும் அவையற்ற வீட்டில் மலராததும் இயற்கையின் செயலாகத் தோற்றமளிக்கின்றன. கிராம்சி தம் சிறைக் குறிப்புகளில், இலக்கணம் முதலிய கடும்பயிற்சியைக் கைவிடும் புதுமுறைக் கல்வி உழைக்கும் மக்களின் பிள்ளைகளையே நிராயுதபாணிகளாக்கும் என எச்சரித்தார். கறுப்பினக் கல்வியாளரான லிசா டெல்பிற் 1988இல் அமெரிக்க எழுத்துப் பயிற்சி முறைகள் குறித்து ஏறத்தாழ இதே குறையை எடுத்துரைத்தார். அதிகாரத்தின் மொழி கற்பிக்கப்படாதபோது இழப்பவர் அதனை வீட்டிற் பெறாதவரே. 2020இல் பாடசாலையை விட்டு வீட்டை நாடிய கறுப்பினக் குடும்பங்களுக்கு இது ஏட்டு விவாதமன்று.

3

இம்மூன்று கொள்கைகளும் தம்முள் முரண்படுவனவாகத் தோன்றினும் ஒரு குறையில் ஒன்றுபடுகின்றன. மூன்றிலும் எழுதும் பிள்ளை உண்டு, எழுத்து உண்டு, வாசகர் இல்லை.

வைகோட்ஸ்கி 1934இல் வெளிவந்த தம் நூலில் இப்பிரச்சினையின் வேரைச் சுட்டினார். பேச்சில் எதிரே ஒருவர் உளர். அவரின் வினாவும் முகக்குறிப்பும் அடுத்த சொல்லைத் தூண்டுகின்றன. எழுத்தோ எதிரே எவருமற்ற பேச்சு. ஆகவே எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு அதற்கான தேவை தோன்றுவதில்லை. பிள்ளையின் இடர்ப்பாடு கையிலோ எழுத்துக்கூட்டலிலோ மட்டும் இருப்பதன்று. யாரிடம் எதற்காகக் கூறுகின்றோம் என்னும் உந்துதல் இன்மையில் அது தங்கியுள்ளது.

வீட்டுக் கல்வியில் இவ்வின்மை இருமடங்காகின்றது. பிள்ளையின் ஒரே வாசகர் தாய். அவரே பாடத்தைத் தந்தவர், பிழை திருத்துபவர், எழுதப்பட்ட செய்தியை முன்னரே அறிந்தவர். அன்றியும் ஊதியமற்ற இவ்வுழைப்பை அன்றாட வீட்டுப் பணிகளோடு சேர்த்துச் சுமப்பவரும் அவரே. தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்னும் அவரது அச்சமே பாடவிதானச் சந்தையின் மூலதனம். விற்பனையாளர் படிமுறைகளை விற்கலாம், மதிப்பீட்டுப் பட்டியலை விற்கலாம். பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டிய தேவையுடைய ஒரு மனிதரை விற்றல் இயலாது.

4

வேறொரு மரபு உண்டு. யாஸ்னயா பொல்யானாவில் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய தோல்ஸ்தோய், எழுதுவதை யார் யாரிடம் கற்க வேண்டும் என்று 1862இல் வினவிக் கட்டுரை வரைந்தார். பழமொழியொன்றைக் கதையாக்கும் முயற்சியில் சிறுவர் இருவர் தம்மிலும் கூர்மையாக விபரங்களைத் தெரிந்தமை கண்டு அவர் வியந்தார். அவ்வியப்பிலிருந்து பிள்ளை பிறவியிலேயே முழுமையானது என்னும் முடிவுக்கு அவர் சென்றமை நிலப்பிரபுவின் கற்பனாவாதமே. ஆனால் அவர் விபரித்த செயல் அம்முடிவை மறுக்கின்றது: அக்கதை மூவரின் வாதத்திலே உருவானது.

பிரான்சின் தெற்கே பார்-சூர்-லூ கிராமத்தில் ஆசிரியராக இருந்த கம்யூனிஸ்டான செலெஸ்தென் பிரெனே, 1920களில் வகுப்பறைக்குள் அச்சியந்திரமொன்றைக் கொணர்ந்தார். பிள்ளைகள் விரும்பியதை எழுதினர், கூடித் தெரிந்தனர், கூடித் திருத்தினர், எழுத்துக் கோத்து அச்சிட்டு வடமேற்கிலுள்ள பிரிட்டனிப் பகுதிப் பாடசாலையொன்றுக்கு அனுப்பினர். தம் கிராமத்தை அறியாத வாசகருக்குத் தம் வாழ்வை விளக்க நேர்ந்தபோது, தெளிவு ஆசிரியரின் கட்டளையாக இராது தேவையாயிற்று.

இத்தாலியில் புளோரன்சுக்கு அப்பாலுள்ள மலைக்கிராமமான பார்பியானாவில், குருவான லொரென்சோ மிலானி அரச பாடசாலை தோல்வியுறச் செய்த பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அப்பிள்ளைகள் 1967இல் ஆசிரியை ஒருவருக்கு எழுதிய திறந்த மடல் நூலாக வெளிவந்தது. கருத்துகளைத் தனித்தனித் துண்டுகளில் எழுதி, இனம்பிரித்து, அடுக்கி, மிகையான சொற்களை ஒவ்வொன்றாக நீக்கிக் கூட்டாக அதனை ஆக்கினர். கூட்டெழுத்தில் அவர்கள் ஈடுபடுவதற்கு, பிரெனேயின் வழிநின்ற மாரியோ லோடியின் மாணவரோடு 1963இல் தொடங்கிய கடிதத் தொடர்பு முக்கிய தூண்டுதலாயிற்று. வறியோரைப் பாடசாலை எவ்வாறு வடித்தகற்றுகின்றது என்பதைப் புள்ளிவிபரங்களோடு நிறுவிய அம்மடலில் மொழிநுட்பம் வர்க்க நியாயத்தின் கருவியாகின்றது.

பார்பியானாவும் அரச பாடசாலைக்குப் புறத்தே நிகழ்ந்ததே. ஆகவே பாடசாலையா வீடா என்னும் இருமை இங்கே போதாது. பிள்ளையின் எழுத்து கூட்டு வாழ்வினுள் நிகழ்கின்றதா, அதற்குப் புறத்தே நிகழ்கின்றதா என்பதே உரைகல்.

5

இவ்வுரைகல்லைக் கொண்டு நோக்கும்போது பாடவிதானத் தெரிவு குறித்துச் சில முடிவுகளுக்கு வரலாம். இளம் பருவத்தில் மேசனின் வாய்மொழிக் கூறல் தகுந்தது. எதிரே கேட்பவர் இருக்கும் பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்லும் இயல்பான வழி அதுவே. போலச்செய்தற் பயிற்சிகளைக் கருவிகளாக ஏற்றல் வேண்டும். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அவற்றை மறுத்தல் முற்போக்கன்று. பிள்ளை தானறிந்த வேலையையும் அயலையும் பற்றி எழுதுவதற்கு இடமளிக்காத பாடவிதானம் எத்துணை ஒழுங்காக இருப்பினும் குறையுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து வீட்டுக்கு வெளியே செல்ல வேண்டும். குடும்பங்கள் சில ஒன்றுகூடிக் கற்பிக்கும் வழக்கம் அமெரிக்காவில் ஏலவே உள்ளது. அக்கூட்டங்கள் கடிதப் பரிமாற்றத்துக்கும் கையெழுத்துச் சஞ்சிகைக்கும் கூட்டுத் திருத்தத்துக்கும் களமாகுமாயின், மலிவான பாடநூலும் பயன்தரும். ஆகாவிடின், விலையுயர்ந்ததும் பயன்தராது.

1945 முதல் இலவசக் கல்வி நிலைபெற்ற நம் நாட்டில் இப்பிரச்சினை அந்நியமானது என எண்ணுவார் உளர். ஆனால் மாதிரிக் கட்டுரைகளை மனனஞ் செய்து பரீட்சை மண்டபத்தில் ஒப்புவிக்கும் நம் மாணவருக்கு வாசகர் யார்? புள்ளியிடுவதற்காக மட்டும் வாசிக்கும் பரீட்சகரே. நாற்பது பிள்ளைகள் கூடியிருக்கும் வகுப்பறையிலும் ஒவ்வொரு பிள்ளையும் தனித்து எழுதுகின்றது. அருகிலிருக்கும் தோழர் அதனை வாசிப்பதில்லை. அமெரிக்கத் தாய் தேடியும் பெறாத கூட்டம் நம் வகுப்பறைகளில் நாள்தோறும் வந்து அமர்ந்திருக்கின்றது. அதனை வாசகர் கூட்டமாக மாற்றும் பணி ஆசிரியரையும் திறனாய்வாளரையும் ஒருங்கே சார்ந்தது. அதற்குப் புதிய பாடநூல் வரும்வரை காத்திருத்தல் வேண்டியதில்லை.