அடைபட்ட மனத்தின் புனைகதைகள்: மரபும் மதிப்பீடும்

அடைபட்ட ஒருவர் உயிர்பிழைப்பதை வெளியே நிகழும் சாகசமாகக் காட்டாமல், அவருடைய மனத்துக்குள் நிகழும் போராட்டமாகக் காட்டும் புனைகதைகளைச் சிறைப்புனைவு என்று குறிக்கலாம். இவற்றைக் கொடுமையின் அளவைக் கொண்டு மதிப்பிடுவோர் உண்டு. ஆனால் கொடுமை எழுதுவதற்கு எளிது. அடைபட்டவர் ஒரு பகற்பொழுதை எதைச் செய்து கடத்துகிறார், அதற்கு அவர் மனம் என்ன விலை கொடுக்கிறது என்ற இரண்டையும் நம்பும்படி சொல்வதே இவ்வகையின் உரைகல்.

அந்த உரைகல்லைத் தந்தது ரஷ்ய மரபு. 1849-இல் கைதாகி, ஓம்ஸ்க் நகரில் நான்காண்டுகள் கடுங்காவலில் கழித்த தஸ்தாயெவ்ஸ்கி, ஒரு தொட்டித் தண்ணீரை மற்றொரு தொட்டியில் ஊற்றி, அதையே திரும்ப முதல் தொட்டிக்கு மாற்றும் வேலையைக் கொடுத்தால் எந்தக் கைதியும் சில நாளில் நொறுங்கிவிடுவான் என்று தம் சிறை நாவலில் எழுதினார். இக்கருத்தின் மறுபக்கத்தை 1962-இல் 'நோவி மிர்' இதழில் வெளியான சோல்செனித்சினின் குறுநாவலில் காண்கிறோம்: உறைபனியில் சுவர் எழுப்பும் முகாம் கைதி சுகோவ், தனக்குப் பழகிய கொத்துக்கரண்டியை ஒளித்துவைத்துக்கொள்வதும், வேலை முடிந்ததற்கான அறிவிப்பு வந்த பின்னும் மிஞ்சிய சாந்து வீணாகக்கூடாதென்று கற்களை அடுக்குவதும், கைத்திறன் மனிதனைக் காக்கும் என்ற நம்பிக்கையின் வடிவங்கள். கோலிமா எனும் சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களிலிருந்து மீண்ட எழுத்தாளர் வர்லாம் ஷலாமவ் இந்நம்பிக்கையை ஏற்கவில்லை. முகாம் யாருக்கும் நன்மை எதையும் கற்பிப்பதில்லை என்பது அவர் துணிபு. சோல்செனித்சினின் படைப்பைப் பாராட்டி எழுதிய கடிதத்திலேயே, கதையில் வரும் பூனையைச் சுட்டி, உண்மையான முகாமில் அதை என்றோ அறுத்துத் தின்றிருப்பார்கள் என்றார். இவ்வளவு நுணுக்கமான திறனாய்வு இத்துறையில் அரிது. இருவரில் ஷலாமவின் அளவுகோலே கடுமையானது, நேர்மையானதும் அதுவே.

முகாமில் கூட்டம் வதைக்கிறதென்றால், தனியறையில் வெறுமை வதைக்கிறது. ஸ்டெஃபான் ஸ்வைக்கின் சதுரங்கக் குறுநாவலில், கெஸ்டபோ எனும் நாஜி இரகசியக் காவல்துறை ஓர் ஓட்டல் அறையில் அடைத்துவைக்கும் வழக்கறிஞர், விசாரணைக்குக் காத்திருக்கையில் மேலங்கி ஒன்றிலிருந்து சதுரங்க நூலைத் திருடி, கட்டம்போட்ட படுக்கை விரிப்பைப் பலகையாகவும் ரொட்டித் துணுக்குகளைக் காய்களாகவும் கொண்டு ஆடுகிறார். பின்னர் தமக்குத் தாமே எதிராளியாகிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பிளந்து சித்தம் கலங்குகிறார். காத்த கருவியே குலைத்தது என்ற இந்த முடிச்சில்தான் உளவியல் புனைவு தன் முழு வலிமையை அடைகிறது. ஜப்பானிய எழுத்தாளர் கோபோ அபேயின் மணற்குழி நாவல் (1962) இன்னும் ஓர் அடி எடுத்துவைக்கிறது: குழியில் அடைபட்டு நாள்தோறும் மணல் வாரிக் கிடக்கும் பள்ளி ஆசிரியர், மணலிலிருந்து நீர் ஊறச்செய்யும் வழியைக் கண்டறிந்த பின், ஏணி எதிரே தொங்கியும் ஏறிச் செல்வதில்லை.

தனிமனிதன் ஒருவன் மற்றவரைக் கடத்தி அடைத்துவைக்கும் கதைகளே இன்று மிகுதி. 1973-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த வங்கிக் கொள்ளைக்குப் பிறகு, பிணைக்கைதி தன்னைப் பிடித்தவரிடம் பரிவு கொள்வதற்கு அந்நகரின் பெயரே வழங்கலாயிற்று. பாத்திரத்தின் மனத்தை எழுதவேண்டிய இடத்தில் அப்பெயரை ஒட்டி முடித்துவிடும் நாவல்கள் பல. ஜான் ஃபவுல்ஸின் 'தி கலெக்டர்' (1963) அடைத்தவனைப் பேசவிட்டபின், அதே நாட்களை அடைபட்ட மிராண்டாவின் நாட்குறிப்பாக மீண்டும் சொல்கிறது. அந்த நாட்குறிப்பு இல்லையேல் அந்நூல் வெறும் வேட்டைக் கதையாகியிருக்கும். அடைத்தவனின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, அடைபட்டவரை ஊமையாக்கும் படைப்புகள், எத்தனை பதிப்புகள் கண்டாலும், இம்மரபில் வைத்து எண்ணத் தக்கவை அல்ல.