சுண்ணாம்பு தடவிய கலயம், தடவாத முட்டி

கோடை பிறந்துவிட்டால் மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் பக்கம் போகிற சாலையோரங்களில் பதநீர்ப் பானைகள் வந்துவிடும். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைக் கீறிப் போட்டுத் தருவார்கள். சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர்கள் நின்றபடியே ஒரு பட்டை குடித்துவிட்டு, கறிக்குழம்புச் சோறு தேடி மெஸ்ஸுக்குப் போவார்கள். அதே மரத்தின் கள்ளைச் சோற்றோடு குடிக்க மதுரைக்காரருக்கு வழியில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு உண்டு.

பதநீருக்கும் கள்ளுக்கும் இடையில் இருப்பது கொஞ்சம் சுண்ணாம்பு. பனையேறி பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறார். உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது. காலையில் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் மரத்திலிருக்கும்போதே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஏறத்தாழ பீர் அளவுக்கு ஆல்கஹால் ஏறிவிடும். விட்டுவைத்தால் புளித்துக் காடியாகிவிடும். மால்ட் வேண்டாம், கொதிகலன் வேண்டாம். அன்றன்றைக்கு, அந்தந்த ஊரிலேயே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம் இது.

யாழ்ப்பாணத்தில் கள் விற்கும் இடத்துக்குத் தவறணை என்று பெயர். சீவல் தொழிலாளர் முட்டி என்னும் கலயத்தில் இறக்கிய கள், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அங்கே வந்து சேர்கிறது. 1970களில் உருவான இந்தச் சங்கங்களே கள்ளைப் போத்தலில் அடைத்தும் விற்கின்றன. மிஞ்சுவது வடிசாலைகளில் பனஞ்சாராயமாகும். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. ஓலையை மடித்துக் கட்டிய பிளாவில் கள்ளை வாங்கி, பொரித்த மீனோ கடலையோ கடித்துக்கொண்டு குடிப்பது பழைய வழக்கம். பிளா அருகி கிளாசும் போத்தலும் வந்துவிட்டன. சீவ ஏறும் இளைஞர்கள் குறைந்து வருவதும், அந்தத் தொழிலின் மீது சாதி சுமத்திய இழிவும் அங்கும் உள்ள துயரங்கள்தாம். ஆனாலும் ஏறுகிறவருக்கு ஒரு சங்கமும், குடிக்கிறவருக்கு வெளிச்சமான ஓர் இடமும் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. கள்ளுக்கடைகளோ 1987 ஜனவரி 1 முதல் மூடிக் கிடக்கின்றன. 1983இல் தொடங்கிய அரசின் டாஸ்மாக், 2003இல் மதுவின் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. ஆலையில் காய்ச்சிய பிராந்தியைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, ஒரு பொட்டலம் சைட் டிஷ்ஷோடு அவசரமாக முடித்துக்கொள்வதுதான் இங்கே உழைப்பாளிக்கு வாய்த்திருப்பது.

இந்தியா முழுவதும் இப்படியில்லை. பெங்களூரு இந்திராநகரில் 2010இல் திறந்த ‘டாயிட்’ என்னும் பீர்க்கடை, தன் கட்டடத்திலேயே காய்ச்சிய பீரை மதியச் சாப்பாட்டோடு பரிமாறுகிறது. மதுரையிலிருந்து தேனி வழியாகக் குமுளியைத் தாண்டினால் கேரளத்துக் கள்ளு ஷாப்புகள். கப்பையும் காரமான மீன்கறியும் அங்கே கள்ளுக்கு இணையான பெயர் வாங்கியவை. சில ஷாப்புகளுக்குச் சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு போகிறார்கள்.

கள்ளுக்கடையைத் திறந்தால் கலப்படம் வரும் என்பது தடையை ஆதரிப்பவர்களின் வாதம். பொய்யான பயமில்லை, குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் கேரளத்திலேயே பிடிபட்டிருக்கிறது. ஆனால் தடை எதையும் தடுத்துவிடவில்லை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுக்கு எட்டும் விலையில், சோதித்து விற்கும் கள் என்று எதுவும் ஊரில் இருக்கவில்லை. கலப்படத்துக்கு மருந்து கண்காணிப்பு. எந்த மரத்துக் கள் எந்தக் கடைக்குப் போகிறது என்று எழுதி வைக்கக் கூட்டுறவுச் சங்கத்தால் முடியும்.

தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் கள்ளுக்கடைகளைத் திறக்க வேண்டாம். மேலூர் வட்டாரத்தில் பனையேறிகளின் சங்கம் ஒன்றுக்கு ஒரு கோடைக்கு மட்டும் உரிமம் கொடுக்கட்டும். சோறும் மீனும் பரிமாறும் கடையாக, பகலில் மட்டும் திறந்திருக்கட்டும். அன்றாடம் மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். பருவம் முடிந்ததும் கணக்கை ஊரறிய வைத்துவிட்டு, தடை வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யட்டும்.