வைத்தியாகரமும் நமது நோயாளியும்

நோய்க்குப் பெயரிடுவதே வைத்தியத்தின் முதற்படி. பெயர் தவறினால் மருந்தும் தவறும். ஆகவே நோய்களை எவ்வாறு வகுத்தார்கள், எந்த மொழியில் வகுத்தார்கள் என்று ஆராய்வது இலக்கிய மாணவர்க்கும் உரிய பணியேயாகும்.

யாழ்ப்பாண அரசரின் பெயர் தாங்கிய பரராசசேகரம் என்னும் செய்யுள் நூல், சிரரோகம் முதலாக உறுப்புவாரியாகவும், வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் முக்கூற்றின் வழியாகவும் நோய்களைப் பிரித்தது. நோயின் காரணமும் குறியும் தேர்ந்தறிவதை அது 'நிதானம்' என்றது. அவசரமின்மைக்கு நாம் இன்று வழங்கும் சொல்லும் அதுவே.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 தொடக்கம் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1872இல் ஊப்பரின் ஆங்கில நூல் 'வைத்தியாகரம்' என்ற பெயரில் தமிழாக வெளிவந்தது. குறி, காரணம், நிர்ணயம், சிகிச்சை என்று நோயை ஒழுங்குபடுத்தி நோக்கும் முறை அதன்வழித் தமிழுக்கு வந்தது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. மதம் பரப்பும் நோக்கம் அம்முயற்சியின் பின்னால் நின்றது. அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என அவ்வரிசை நூல்களின் பெயர்களே வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே ஊசலாடின. காசநோய்க் கிருமியைக் கொக் அறிவித்தது 1882இலேயாதலால், 1872இன் நூல் அந்நோயின் காரணத்தை அறிந்திருக்க இயலாது. ஆயினும் அக்கால விஞ்ஞானத்தைத் தமிழ் தாங்கும் என்பது அன்றே நிறுவப்பட்டது. கிறீனுக்குப் பின் அந்தத் தமிழ்வழிக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. 1978இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் ஆங்கிலத்திலேயே போதிக்கிறது.

இதனால் இழப்பு யாருக்கு? செங்கமாரி என்று ஊரார் சொல்வது வைத்தியருக்கு நோயன்று, நோயின் அடையாளம். ஈரல் அழற்சியா, பித்தக்குழாயில் கல்லா, செங்குருதிக் கலங்களின் அழிவா என்று இரத்தம் சோதித்தும் ஸ்கான் எடுத்தும் அவர் பிரித்தறிகிறார். கல்லென்றால் அதை அகற்ற வேண்டும். அழற்சியென்றால் வழி வேறு. இப்பகுப்பின் பயனை நோயாளி பெறுகிறான். பொருளை மட்டும் பெறுவதில்லை. நீர்வேலியின் வாழைத் தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் உழைப்பாளி, ஆங்கிலத்தில் எழுதிய டயக்னோசிஸ் காட்டுடன் திரும்புகிறான். அவன் உடலைப் பற்றிய தீர்ப்பை அவனே வாசிக்க முடியாது.

இது வெறும் மொழிப்பற்றின் முறையீடு அன்று. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நெடுங்காலம் நோவு காட்டாதவை. நோவில்லாத நோய்க்கு நாள்தோறும் குளிசை ஏன் என்பதை விளங்கியவனே அதை விடாது உட்கொள்வான். விளங்காதவன் இடையில் நிறுத்துவான். பின்னர் சிறுநீரகமும் கண்ணும் கெட்ட நிலையில் திரும்பி வருவான். ஆகவே விளக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உலக ஆராய்ச்சியோடு உறவாட வைத்தியருக்கு ஆங்கிலம் தேவை என்பர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியான நாட்டில், அந்த அட்டையில் தமிழில் நான்கு வரி எழுதுமாறு கேட்பது மிகையாகுமா?

வைத்தியர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, தொய்வு, குக்கல், கூவைக்கட்டு என மக்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, இன்றைய வைத்தியப் பகுப்பில் ஒவ்வொன்றும் எங்கே அமையும் என்று எளிய தமிழில் விளக்குவது ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி. கிறீன் வைத்தியனுக்குத் தமிழ் நூல் தந்தார். நோயாளிக்குரிய நூல் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதை எழுதும் கடமை நம்முடையது.