முதனூலும் வழிநூலும்: ‘கொன்ரா’ வரிசையில் ஒரு வீழ்ச்சி

முன்னோர் செய்த நூலைப் பின்வந்தோர் தொடர்ந்து செய்தல் தாழ்வன்று. வடமொழியில் வான்மீகி முனிவர் இயற்றிய இராமகாதையைத் தழுவித் தமிழிற் பாடிய கம்பரைக் கவிச்சக்கரவர்த்தியெனத் தமிழுலகம் போற்றுகின்றது. பவணந்தி முனிவர் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாக வகுத்தார். முன்னோர் நூலின் முடிபுகளை ஏற்றுப் பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையுஞ் சேர்த்து, மரபு கெடாது செய்வதே வழிநூல் என்பது அவர் கருத்து. ஆறுமுகநாவலர் காண்டிகையுரை கண்ட நன்னூலைப் பயின்ற யாழ்ப்பாணத்தார்க்கு இஃது இளமையிலேயே பழகிய பாடமாகும். வழிநூலிற் புதுமைக்கும் இடமுண்டு. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது எனத் தெளிதலே வழிநூலாசிரியனது முதற்கடமை.

இவ்விதி ஏட்டு நூல்களுக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்து இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்துள்ள வீடியோ விளையாட்டுக்களும் முதலும் வழியுமாகவே பெருகி வருகின்றன. அவற்றைப் பொழுதுபோக்கென ஒதுக்காது, நூலை ஆராயுமாறே ஆராய்தல் தகும். அதற்குக் ‘கொன்ரா’ என்னும் வரிசை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

‘கொன்ரா’ ஜப்பானிய நிறுவனமான கொனாமி 1987 இல் ஆட்டக்கூடங்களுக்கென வெளியிட்ட ஓடிச் சுடும் விளையாட்டு. 1988 இல் நின்ரெண்டோ நிறுவனத்தின் வீட்டுப் பொறிக்கு அஃது ஏற்றபடி அமைக்கப்பட்டது. பில், லான்ஸ் என்னும் இரு வீரர் காட்டிலும் அருவியிலும் பாசறையிலும் பகைவரைச் சுட்டுக்கொண்டே முன்னேறுவர். அங்கீகாரம் பெறாத போலிப் பொறிகள் வாயிலாக இவ்வாட்டம் தெற்காசியாவெங்கும் பரவிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ 1990 தொடக்கம் பல ஆண்டுகள் மின்சாரம் அற்றுப்போயிருந்தது. ஆதலின் மேலைநாடுகளிற் சிறுவர் இதனை ஆடிக் களித்த காலத்தில் இங்குள்ள சிறுவர் பலர்க்கு அவ்வாய்ப்பு இருந்ததில்லை. புலம்பெயர்ந்தும் கொழும்பிலும் வளர்ந்தோர் முன்னரும், குடாநாட்டிலே வளர்ந்தோர் பின்னருமாக இதனை அறியலாயினர்.

இவ்வாட்டம் மிகக் கடியது. பகைவனின் ஒரு குண்டு பட்டாலும் வீரன் மாய்வான். அரிதிற் பெற்ற சிறப்பாயுதத்தையும் இழப்பான். தொடக்கத்தில் உள்ள உயிரோ மூன்றே. இத்துணைக் கடுமையிருந்தும் சிறுவர் இதனை வெறுத்திலர். யாது காரணமெனின், அக்கடுமையினூடே ஒரு நீதி இருந்தது. பகைவன் எய்த குண்டு திரையிலே தெளிவாகத் தோன்றிக் கண்ணாற் பின்தொடரத்தக்க வேகத்திலே வரும். வீரனும் குண்டும் நிலமும் ஒரே தளத்தில் அமைந்தமையால், குதித்தால் தப்புமோ, படுத்தால் தப்புமோ என ஆடுவோன் தானே கணித்துக்கொள்ள இயன்றது. மாண்டபோதும் தன் பிழை இன்னதென அவன் அறிந்தான். அறிந்தமையால் அடுத்த முறை திருந்தினான். முப்பது உயிர் அளிக்கும் மறைக்கட்டளையொன்று உலகெங்கும் சிறுவர் நாவில் வழங்கிற்று. அதனைக் கையாண்டவனும் முப்பது தவறுகளிலிருந்து கற்க வேண்டியவனாகவே இருந்தான். இந்நீதியே கொன்ராவின் மரபு. ஏனைய யாவும் அதன் அணிகளே.

காட்சிக்கோணம் அம்மரபைச் சேர்ந்ததன்று என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. முதலாட்டத்திலேயே இரண்டாம், நான்காம் கட்டங்களில் வீரனைப் பின்னிருந்து நோக்கும் காட்சி உண்டு. எனினும் அங்கே அவன் இடமும் வலமுமாகவே நகர்வான். பகைவர் எதிர்ச்சுவரருகே நிற்பர். குண்டு அங்கிருந்து அவனை நோக்கி வரும். காட்சி மாறியும் கணிப்பு மயங்கவில்லை. 1992 இல் வந்த மூன்றாம் ஆட்டத்திலும் மேலிருந்து நோக்கும் கட்டங்கள் இரண்டு உள. அவை ஏனைய கட்டங்களின் சிறப்பை எய்தாவிடினும் நெடிது நில்லாமையின் ஆட்டத்தைக் கெடுத்தில. 1994 இல் சேகா நிறுவனத்தின் பொறிக்கென வந்த ‘ஹார்ட் கோர்’ கடுமையை மேலும் மிகுத்தும் மரபிற் பிறழவில்லை.

1996 இல் ‘லெகசி ஒவ் வோர்’ என்னும் பெயரில் அடுத்த ஆட்டம் பிளேஸ்ரேசன் பொறிக்கு வந்தது. வலிகாமத்து மக்கள் இடப்பெயர்விலிருந்து தம் வீடுகளுக்கு மீண்ட ஆண்டும் அதுவே. ‘போரின் மரபுரிமை’ எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய இவ்வாட்டம், தனக்குரிய மரபுரிமையையே கைவிட்டது. இதனை ஆக்கியது ஹங்கேரி நாட்டு அப்பலூசா நிறுவனம். டொல்பின் ஒன்றைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட ‘எக்கோ’ என்னும் அழகிய ஆட்டத்தை 1992 இல் அளித்தோரும் அவரே. ஆகலின் ஆற்றல் இல்லாதார் எனக் கூறுதல் பொருந்தாது.

அவர் செய்த மாற்றம் யாதெனின், பல்கோணங்களால் இயன்ற முப்பரிமாண உலகை அமைத்து, அதனைச் சரிவான உயரத்திலிருந்து நோக்கச் செய்ததேயாம். வீரன் எத்திசையிலும் ஓடலாம் என்னும் உரிமை புதிதாகக் கிடைத்தது. தான் நிற்கும் இடம் இன்னதெனத் தெளியும் உரிமை பறிபோயிற்று. வரும் குண்டு தலைக்கு மேலே செல்வதோ, மார்புக்கு நேரே வருவதோ, அப்பால் விழுவதோ என்று கண்ணால் துணிதல் அரிதாயிற்று. குதித்தவன் எங்கே இறங்குவான் என்பதும் ஐயத்துக்கு இடமாயிற்று. நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தல் என்பது இதுவே. சிவப்பும் நீலமுமான கண்ணாடி பொருத்திய அட்டைக் கண்ணாடியொன்றை உடன் வழங்கி, ஆழத்தை வியந்து காணுமாறு செய்தனர். ஆழத்தை அளந்தறியும் வழியை ஆட்டத்தினுள்ளே அமைத்தாரில்லை. இது மற்றொன்று விரித்தலாம். இங்ஙனம் ஆடுவோன் தன் பிழை அறியாமலே மாய்ந்தான்; பிழை அறியாதவன் கற்பதுமில்லை, கற்றதனால் வரும் மகிழ்வை எய்துவதுமில்லை.

இத்தோல்விக்குப் புதிய கருவியே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. 2002 இல் வெளிவந்த ‘ஷாற்றர்ட் சோல்ஜர்’ என்னும் ஆட்டமும் பல்கோண உருவங்களாலேயே ஆயது. எனினும் பக்கவாட்டுக் காட்சிக்கு மீண்டமையால் அது பழைய நீதியை மீட்டது. அயல்நாட்டார் செய்தமையே குறை என்பாருக்கு, 2007 இல் வேபோர்வர்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் ஆக்கிய ‘கொன்ரா 4’ விடையாகும். பிறநாட்டார் கையிலே மரபு நன்கு விளங்கிற்று. முன்னைய ஆசிரியர் இல்லாமையே குறை என்பாருக்கும் விடையுண்டு. மூன்றாம் ஆட்டத்தையும் ‘ஹார்ட் கோர்’, ‘ஷாற்றர்ட் சோல்ஜர்’ என்பனவற்றையும் நெறிப்படுத்திய நொபுயா நக்கசாத்தோ பங்குகொண்ட ‘ரோக் கோர்ப்ஸ்’ 2019 இல் வந்தது. சுடச்சுடத் துப்பாக்கி சூடேறி ஓயும் விதியை அதிலே புகுத்தினர். ஓயாது சுடுதலையே உயிராகக் கொண்ட வரிசைக்கு அவ்விதி பகையாயிற்று. ஆடினோர் பெரிதும் ஏமாற்றமே அடைந்தனர். எனவே கருவியாலும் நாட்டாலும் ஆசிரியர் பெயராலும் வழிநூல் உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை என்பது பெறப்படும்.

முதனூலை அப்படியே படியெடுத்தலும் வழிநூலாகாது. அது கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும். ‘லெகசி ஒவ் வோர்’ செய்தார் புதுமை விழைந்தது குற்றமன்று. முதலாட்டத்தின் உயிர் யாதென ஆராயாது அதன் உடையை மாற்றப் புகுந்ததே குற்றம். பெயரும் வீரரும் ஆயுதங்களும் நிற்க, ஆடுவோனுக்கும் ஆட்டத்துக்கும் இடையே இருந்த நம்பிக்கை அகன்றது.

கணினி நிரலாக்கம் பயிலும் மாணவர் இன்று யாழ்ப்பாணத்திலும் பெருகி வருகின்றனர். நாளை அவருட் சிலர் பிறர் தொடங்கிய பணியைத் தொடரும் பொறுப்பை ஏற்பர். அது விளையாட்டாகலாம், நூலாகலாம், நிறுவனமாகலாம். ஏற்குமுன் முன்னோர் செய்ததை ஆராய்ந்து, எதனாற் பலர் அதனை விரும்பினர் எனத் தெளிதல் வேண்டும். அதன்பின் செய்யும் மாற்றமே மரபு கெடாத மாற்றமாகும்.