நம் ஊரும் கோட்டுச் சித்திர மரபும்

மலர்க் குழுவினர் இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது தலைவர் ஒரு நிபந்தனையும் போட்டார். "எல்லாப் பள்ளியையும் சொல்லுங்கோ, ஒருத்தரையும் விட்டுடாதேங்கோ" என்றார். விட்டுவிடத்தான் போகிறேன். சித்திரக்கதையிலும் அட்டைப்படத்திலும் ஊறிப்போன நம் உறுப்பினர்களிடம் மாலி யார், சில்பி யார் என்று முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பது அம்மா மண்டபத்தில் நிற்பவனிடம் காவிரிக்கு வழி சொல்வது போலாகும். பரம்பரைகளைத் தொட்டுக்கொண்டு எனக்குச் சொல்ல வேண்டியிருப்பதற்கு வந்துவிடுகிறேன்.

விகடன் பள்ளியை முதலில் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. சீனிவாசனைச் சில்பி ஆக்கியவர் மாலி, கோபாலனைக் கோபுலு ஆக்கியவரும் மாலி. அவர் பெயர் வைக்காமலே அவர் பெயரைச் சார்ந்து இன்னொருவரும் வந்தார். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் ஓவியராகத்தான் ஆசைப்பட்டார். சென்னை ஓவியப் பள்ளியிலும் கொஞ்ச காலம் படித்தார். மாலி மாதிரி வா என்று நண்பர் ஒருவர் சூட்டிய பெயர்தான் வாலி. அவர் இங்கே நடத்திய 'நேதாஜி' கையெழுத்துப் பத்திரிகையின் முதல் இதழை வெளியிடக் கல்கியே வந்தார். சினிமாப் பாட்டுக்கு லாபம், கோட்டுக்கு நஷ்டம் என்று எங்கள் வாத்தியார் கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டியவர் மதன். 1947இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர் என்பதால் நாம் கொஞ்சம் கூடுதலாகவே உரிமை கொண்டாடுகிறோம், கொண்டாடலாம், தவறில்லை. ரெட்டைவால் ரங்குடு என்ற பெயரை இந்த ஊரைத் தவிர வேறு எந்த ஊர்க்காரர் வைத்திருப்பார்? முன்ஜாக்கிரதை முத்தண்ணாவையும் சிரிப்புத் திருடன் சிங்காரவேலுவையும் நான் கோபுலுவின் வரிசையில்தான் வைக்கிறேன். பேசாமலே சிரிக்கவைக்கும் படங்களைக் கோபுலு போட்டார். மதன் பேசவிட்டார், ஆனால் பேச்சை மூடிவிட்டுப் பார்த்தாலும் முத்தண்ணாவின் முழங்கால் பயப்படுவது தெரியும்.

இந்தப் பள்ளிக்குக் கோடே உயிராக இருந்ததற்கு அச்சகமும் ஒரு காரணம். மலிவான பத்திரிகைத் தாளில் மை பரவும். அதில் ஹாஃப்டோன் பிளாக் போட்டால் முகம் புகைமூட்டமாகிவிடும். துத்தநாகத்தில் எடுக்கும் லைன் பிளாக் செலவும் குறைவு, தெளிவும் அதிகம். ஆகவே நிழலையும் கோட்டாலேயே காட்டியாக வேண்டும். பட்டுப்புடவைக்கு எத்தனை கோடு, பருத்திக்கு எத்தனை கோடு என்பது அந்தக் காலத்து ஓவியருக்கு மனப்பாடம். ஆஃப்செட் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போயிற்று.

சில்பியின் வழி தனி. 'தென்னாட்டுச் செல்வங்க'ளுக்காக ஊர் ஊராய்ப் போய்க் கோயிலுக்குள் உட்கார்ந்து, கல்லில் இருப்பதைக் கண்ணால் அளந்து வரைந்தவர். சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களை இன்று வரைய வருகிற எவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் விட்ட தடத்தில்தான் உட்காருகிறார்கள். அந்த விரதத்தை இன்றும் காப்பவர் அவருடைய சீடர் பத்மவாசன். சரித்திர அட்டைகளுக்கு மணியம், அவருக்குப் பின் மகன் மணியம் செல்வன். இவர்களைப் பற்றிச் சென்ற மலரில் செயலாளர் விரிவாக எழுதிவிட்டார்.

எழும்பூர் ஓவியக் கல்லூரியிலிருந்து வந்தவர்களைப் பத்திரிகைக்காரர்கள் கொஞ்ச நாள் அண்டவிடவில்லை, அவர்களும் அண்டவில்லை. அந்தச் சுவரை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் மாவட்டத்துக்காரர். துறையூர்ப் பக்கம் கீரம்பூரில் 1938இல் பிறந்த ஆதிமூலம் சிற்பி தனபாலைத் தேடிப்போய் வழி கேட்டு, அந்தக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் போட்ட கோட்டுச் சித்திரங்களைத் தெரியாதவர் நம்மில் இல்லை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்ததைப் பார்த்த பிறகுதான், கதைப்படம் கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை என்று எங்களுக்குப் புரிந்தது. தமிழ் எழுத்துக்கே ஒரு முகம் கொடுத்தவரும் அவர். இன்றைக்குக் கரடுமுரடான தூரிகை எழுத்தில் எந்தப் புத்தகத் தலைப்பு வந்தாலும் அதற்குப் பின்னால் ஆதிமூலம் நிற்கிறார்.

சிவகாசியை ஓவிய மரபாக ஒப்புக்கொள்ளலாமா என்று நம் சபையில் ஒரு காலத்தில் பெரிய வாதமே நடந்தது. ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸும், சென்னையிலிருந்து ராணி காமிக்ஸும் வந்தன. உள்ளே இருந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சித்திரங்கள்தாம். மாயாவியின் இருட்டையும் வெளிச்சத்தையும் பார்த்துப் பார்த்து நகலெடுத்த நம் பையன்களுக்கு, அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் என்பது தெரிய நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் அட்டை நம் கையில் இருந்தது. மாலையப்பன் போன்றவர்கள் போஸ்டர் கலரில் போட்ட அட்டைகள் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கியபோது, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே கதை இன்னதென்று தெரிந்தது. அட்டைக்கு அதற்கு மேல் என்ன இலக்கணம் வேண்டும்?

இனி எங்கள் வாத்தியார். அவர் பெயரை அச்சில் போடக்கூடாது என்பது அவர் இருந்தபோதே போட்ட கட்டளை; யார் என்று உங்களுக்குத் தெரியும். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, திருச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் திருவானைக்கோயில் வீட்டுத் திண்ணையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சம்பளம் கிடையாது. ரப்பரும் கிடையாது. பென்சிலால் கிறுக்கிப் பிறகு திருத்துகிறவனைக் கண்டால், "முதல்ல பொய் சொல்லிட்டு அப்புறம் மன்னிப்பு கேக்கறியாடா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தெப்பக்குளம் போய் மலைக்கோட்டையை வரைய வேண்டும். தெற்கிலிருந்து ஒரு மலை, மேற்கிலிருந்து வேறொரு மலை என்று அவர் சொன்னது வரைந்து பார்த்தவனுக்குத்தான் விளங்கும். அட்டைப்படம் வரையக் கொடுத்தாலும் முறை இதுதான். கதையில் ஆறு வந்தால் ஆற்றங்கரைக்குப் போ, குதிரை வந்தால் ஜட்கா ஸ்டாண்டுக்குப் போ. பத்து ஸ்கெட்ச் இல்லாமல் லே-அவுட் போட உட்காரக்கூடாது.

அவருடைய நோட்டுகளில் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுவது கோபுர நோட்டு. ஸ்ரீரங்கத்தில் முடியாமல் நின்ற மொட்டைக் கோபுரத்தின் மேல் அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் சுவாமிகள் திருப்பணி தொடங்கியதிலிருந்து, நிலை ஏற ஏற அவர் வரைந்துகொண்டே வந்தார். சவுக்குச் சாரம், மேலே எறும்பாக ஆட்கள், கீழே அண்ணாந்து பார்க்கும் கூட்டம், எல்லாம் இந்தியன் இங்க்கில். 1987 மார்ச் 25 சம்ப்ரோக்ஷணத்தன்று 13 நிலையும் 236 அடியுமாக அது முடிந்து நின்றபோது கடைசிப் பக்கத்தையும் வரைந்து தேதி போட்டார். அந்த நோட்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

இன்றைய தரத்தைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யாரையும் சுட்டிச் சொல்லும் நோக்கம் எனக்கில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முதலாகக் காமிக் கான் நடந்தபோது நம் இளைய உறுப்பினர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டிக்கரும் சாவிக்கொத்தும் விற்கிற மேஜைகள்தாம் அதிகம். ஆனால் ஒரு மேஜையில் ஒரு பெண் பால்பாயிண்ட் பேனாவால், பென்சில் போடாமல், எதிரில் நின்ற குழந்தையை அப்படியே இறக்கிக் கொடுத்தாள். கச்சேரி மேடைக்குக் கீழே உட்கார்ந்து வித்வான்களை வரைந்த மாலி இருந்திருந்தால் பெயர் வைத்திருப்பார். ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன் வாசகர்கள் கூடுகிற இடத்திலும் அட்டையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களைப் பார்க்கலாம். ஆகவே ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பிறகு என்ன குறை என்றால், ஒரு அட்டை. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். கதை 1323இல், உலூக் கானின் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்தபோது நடக்கிறது. அட்டையில் வீரன் காவிரியில் நீந்துகிறான், பின்னால் ராஜகோபுரம். 13 நிலையோடு, வர்ணம் பூசி, சம்ப்ரோக்ஷணம் முடிந்த கோலத்தில்! கதை நடந்து 664 ஆண்டு கழித்து முடிந்த கோபுரம்! அடித்தளம் போட்டதே விஜயநகர காலத்தில். என் வயதுக்காரர்கள் மொட்டைக் கோபுரத்தின் அடியில் விளையாடி வளர்ந்தவர்கள். எங்களையெல்லாம் அந்த அட்டை பொய்யர்களாக்குகிறது.

கடிதம் எழுதினேன். ஸ்ரீரங்கம் என்று வாசகருக்குப் புரிய வேண்டாமா என்று பதில் வந்தது. நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் அதற்குப் பொன் இருந்ததே! சுந்தர பாண்டியன் 13ஆம் நூற்றாண்டிலேயே விமானத்துக்குப் பொன் வேய்ந்துவிட்டான். இரவு, தீப்பந்தம், தென்னந்தோப்புக்கு நடுவே மினுங்கும் பொன் விமானம், அதைக் கண்டு வருகிற படை. கதையின் காரணமே அட்டையில் வந்திருக்கும். அதை விட்டுவிட்டு ரயில் ஜன்னலிலிருந்து பார்த்ததைப் போட்டிருக்கிறார்கள். ரயிலிலிருந்து பார்த்திருந்தால்கூட மன்னிக்கலாம், போனில் தேடி எடுத்த படம் அது. நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இப்போது அந்தத் தேடலும் தேவையில்லை. ஸ்ரீரங்கம், போர், இரவு என்று கணினியிடம் சொன்னால் படம் வந்துவிடுகிறது. அப்படி வந்த ஒன்றை ஒரு பிள்ளை எனக்குக் காட்டினான். கோபுரத்து நாமத்தில் ஒரு பக்கம் பாதம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. இந்த ஊரில் நீதிமன்றம்வரை போன வடகலை தென்கலை விவகாரத்தை ஒரே படத்தில் சமரசம் செய்துவிட்டது இயந்திரம்.

இது சின்ன விஷயம், ஒரு கோபுரத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிலர் நினைக்கலாம். கோபுரம் இன்றைக்கு. நாளைக்குக் கரிகாலன் அட்டையில் முக்கொம்பு மதகு வரும், ராணி மங்கம்மாள் கதையில் லூர்து மாதா கோயிலின் கூம்பு வரும். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளை வரலாற்றுத் தேர்வில் எழுதுவான், வாத்தியாரும் அதே அட்டையைப் பார்த்தவராக இருந்தால் மதிப்பெண்ணும் போடுவார்.

சபைக்கு என் யோசனை ஒன்றுதான். நம் ஊரை வரைந்து அச்சுக்கு அனுப்பப் போகிற ஓவியர் யாராக இருந்தாலும், அட்டையை ஒருமுறை நமக்குக் காட்டட்டும். உத்தர வீதியில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் எது எப்போது கட்டியது என்று சொல்ல ஆள் இருக்கிறது. காபியும் கிடைக்கும். இந்த மலரின் அட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை. கோபுரம் இருக்குமானால், அது எந்த ஆண்டுக் கோபுரம் என்பதை உள்பக்கத்தில் போட்டுவிடும்படி மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.