பந்தல் வேண்டாத அவரை

பந்தல் போட இடமில்லை என்று அவரையை ஒதுக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்தால், கையோடு எங்கள் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகத் தோன்றுகிறது. இடுப்பு உயரம்கூட வராத நாட்டுச் செடி அவரை, ஒரு பை மண்ணில் கொத்துக் கொத்தாய்க் காய்த்து நிற்கும் அழகை வந்து பாருங்கள்!

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் அவரையும் ஒன்று. அது கொடி அவரை. ஆடியில் ஊன்றினால் பனிக்காலம் வரை காக்க வைக்கும்; பகல் சுருங்கினால்தான் பூக்கும் எண்ணமே அதற்கு வரும். செடி அவரைக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஒரு விதைத் திருவிழாவில் எனக்குக் கைப்பிடி விதை தந்த பாட்டி, "பட்டமெல்லாம் பாக்காத கண்ணு, ஊனி வை, அது பாட்டுக்குக் காய்க்கும்" என்றார். அப்படியே காய்த்தது. இரண்டு மாதத்துக்குள் முதல் பறிப்பு!

விதையே கொள்ளை அழகு. பழுப்பு உடம்பு, விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்த மூக்கு. ஈர மண்ணில் ஒரு விரற்கடை ஆழம் போதும். சில நாளில் முதுகை வளைத்து, பருப்பைத் தலையில் சுமந்தபடி மண்ணைப் பிளந்து எழும். அந்தக் காலைகளில் எனக்குக் காபிகூட இரண்டாம்பட்சம்தான்.

காய்த்து ஓய்ந்த செடியைச் சும்மா தூக்கி எறியாதீர்கள். பச்சை மாறுவதற்குள் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்: சின்னச் சின்ன முண்டுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு! காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. அதனால்தான் இதற்கு உரத்தை அள்ளிக் கொட்டக்கூடாது. இலை மட்டும் செழித்துப் பூ குறைந்துவிடும். கொழுந்தில் அசுவினி அப்பினால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும்.

பறிக்கும்போது விரலில் லேசாகப் பிசுபிசுப்பு ஒட்டும். அதை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதுதான் அவரை வாசம். கடையில் வாடிக் கிடக்கும் காயில் அதில் பாதிகூட மிஞ்சாது. பறித்த சூட்டோடு நார் உரித்து, பொடியாய் நறுக்கி, கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து வதக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூ. அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பைச் சீண்ட ஆளிருக்காது.

நான் இதைத் தலையில் வைத்துக் கொண்டாட இன்னொரு காரணம், விதை நம் கையிலேயே இருப்பது. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. நாட்டு அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருக்கொள்வதால் குணம் மாறாமல் வருகிறது. நல்ல செடியாகப் பார்த்து, சில காய்களைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். ஓடு காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்ததும் உரித்து, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டால் வண்டு அண்டாது. என்னிடம் இப்போது ஒரு டப்பா நிறைய இருக்கிறது. மாடிக்கு வருகிறவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.