திரைப்பாட்டும் பாடும் மக்களும்

தமிழ்த் திரைப்பாடல்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மிடையே தீர்ப்பு முன்னதாகவே எழுதப்பட்டுவிடுகிறது. பழைய பாடல்களில் பொருள் இருந்தது, புதியவற்றில் இரைச்சலே மிஞ்சியது என்பது அத்தீர்ப்பு. ஆயர் கூடுகைகளில் இதனை அடிக்கடி கேட்கிறோம். மறுத்துரைப்பாரை அரிதாகவே காண்கிறோம். ஆயினும் இது புதிய குற்றச்சாட்டன்று. 1952இல் நடுவண் அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையைத் தரங்குன்றியதெனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தை ஏறக்குறைய இல்லாமற் செய்தார். இன்று நாம் பொற்காலம் என்று போற்றும் பாடல்கள் பிறந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை! கேட்போர் இலங்கை வானொலியை நாடினர்; 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஆகவே, சீரழிந்ததா, வளர்ந்ததா என்னும் வினாவைச் சற்றே ஒதுக்கிவைப்போம். யாருடைய குரலுக்குப் பாட்டில் இடங்கிடைத்தது, கேட்டவர்கள் தாமும் பாடினார்களா என்னும் இரு வினாக்கள் அதனினும் பயனுடையவை.

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தபோது திரைப்படம் நாடகமேடையின் இசையை அப்படியே தன்வயமாக்கிக்கொண்டது. 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஏறக்குறைய 50 பாடல்கள் இருந்தன. ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசை வரை கேட்கும்படி எட்டுக்கட்டையில் பாடிப் பழகிய தொண்டையே அன்று நடிகனின் முதற்பொருள். எம்.கே. தியாகராஜ பாகவதர் அம்மரபின் உச்சம். பாபநாசம் சிவன் பாடல்கள் அமைத்த ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தரை வகுப்பில் அமர்ந்த கூலித்தொழிலாளியும் கருநாடக இராகங்களை வாய்விட்டுப் பாடினான் என்பது உண்மையே. ஆனால் அவனுடைய சொந்தப் பாட்டும் அவன் தெருவின் பறையும் அப்படங்களில் மிக அரிது. அவன் பாடியது பிறரிடமிருந்து பெற்ற இசை.

பின்னணி பாடும் முறை நிலைபெற்றதும் நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்றாயிற்று. ஒலிவாங்கியின் அருகே நின்று பாடுபவர் உரத்துப் பாட வேண்டியதில்லை. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மென்குரல்கள் நாடகமேடையில் எடுபட்டிருக்க மாட்டா. எம்.எஸ். விசுவநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் இணைந்து பணியாற்றிய 1952 முதல் 1965 வரையிலான காலத்தில் மெட்டு எளிமையடைந்தது, சொல் தெளிந்தது. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் (1930–1959) உழவர் இயக்கத்திலிருந்து வந்தவர். வயலில் பேசும் தமிழைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். இதற்கு அவருடைய கவித்திறனே முழுக் காரணம் என நினைக்கிறோம். அந்நாளைய கருவிகளுக்கும் இதிற் பங்குண்டு. பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் பாடி இசைக்க, அது ஒரே தடத்தில் பதிவாயிற்று. திருமணப் பந்தலிலும் திருவிழாவிலும் கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கியோ தாழ்ந்த ஒலிகளைத் தரவல்லதன்று. நடுத்தர ஒலிகளையே, அதாவது மனிதக் குரலையே, அது நன்கு தந்தது. எனவே மெட்டும் சொல்லும் பாட்டைத் தாங்கியே ஆகவேண்டியிருந்தது. ‘பொருள் இருந்தது’ என்று நாம் புகழ்வதில் ஒரு பகுதி அந்தக் குழாய்க்கு உரியது. ஒருமுறை கேட்டவன் வீடு திரும்பும் வழியிலேயே பாடத்தக்க பாடல்கள் இக்காலத்திற் போல் வேறு எக்காலத்திலும் இத்தனை பிறந்ததில்லை என்பது என் கருத்து.

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் தமையனார் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்றவர். கிராமத்து மெட்டு இவருக்கு முன்னரும் திரையில் ஒலித்ததுண்டு; பெரும்பாலும் நகைச்சுவைக்கோ இடைக்காட்சிக்கோ அது ஊறுகாயாயிற்று. இவரிடத்தில் அது படத்தின் நடுவே வந்து அமர்ந்தது. அதன் கீழே மேலை இசையின் ஒத்திசைவும் எதிரிசையும் ஓடின. பின்னர் ஒலிநாடா பரவியது. தேநீர்க் கடையும் பேருந்தும் இப்பாடல்களைச் சிற்றூர்தோறும் கொண்டுசென்றன. எனினும் உள்ளே வந்த நாட்டுப்பாடல் ஒன்றை வாசலிலேயே விட்டு வந்தது. நடவுப் பாட்டைப் பாடுகிறவள் அன்றைய வெயிலுக்கும் அன்றைய கூலிக்கும் ஏற்ப அடிகளை மாற்றுவாள். நாடாவில் பதிந்த பாட்டை மாற்ற முடியாது.

இவ்விடத்தில் ஜே. தியோபிலஸ் அப்பாவுவை (1940–2005) நினையாமற் செல்ல இயலாது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலாகத் திருச்சபை போற்றிவந்த கீர்த்தனை மரபு உயர்சாதியாரின் இசையைச் சார்ந்தது என்று வாதிட்டார். ஒடுக்கப்பட்டோர் தம் இறையியலைச் சொல்ல நாட்டுப்புற இசையே ஏற்றது என்பது அவர் துணிபு. பாடுவோர் அதைத் தமக்கேற்பத் திரும்பவும் படைத்துக்கொள்ளலாம் என்பதை அவர் சிறப்பாக வற்புறுத்தினார். கீர்த்தனையைக் குறித்த அவர் கருத்தை முழுதும் ஏற்க எனக்குத் தயக்கமுண்டு. தென்மாவட்டங்களின் சிற்றூர்ச் சபைகளில் எழுத்தறியாப் பெண்கள் கீர்த்தனைகளைத் தம் போக்கில் நீட்டியும் வளைத்தும் தமதாக்கிக்கொண்டனர். கச்சேரி இலக்கணம் அவர்களைக் கட்டவில்லை. ஆனால் பதிவுசெய்த இசை எதனைப் பறிக்கிறது என்பதை அளக்க அவர் தந்த அளவுகோல் செம்மையானது.

1992இல் ‘ரோஜா’ வெளிவந்தபின் ஒரே கூடத்தில் கூடி இசைக்கும் முறை மெல்ல மறைந்தது. ஏ.ஆர். ரகுமான் தம் கோடம்பாக்கம் நிலையத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிவுசெய்து, கணிப்பொறியில் அடுக்கினார். குரல் பல இழைகளுள் ஓரிழையாயிற்று. அவ்வடுக்கின் அழகு மறுக்கற்பாலதன்று. ஆயின் அதைத் தனியொருவன் வாயாற் பாடிக்காட்டுவது கடினம். மறுபுறம், வடசென்னையின் கானாவுக்கு இதே காலத்தில்தான் கதவு திறந்தது. 1990களில் தேவா அதைத் திரைக்குக் கொணர்ந்தார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் தாமே பாடித் தோன்றினார். 2018 சனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு சென்னை மேடையில் பறையையும் கிதாரையும் சேர்த்து முழங்கிச் சாதியைப் பெயர்சொல்லிப் பாடியது. அக்குழுவில் பாடிய அறிவு, 2021இல் தீயுடன் இணைந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ ஒப்பாரியின் சாயல் கொண்டது. நிலமற்றோரின் வரலாற்றைச் சொல்வது. அது எந்தத் திரைப்படத்திற்கும் எழுதப்பட்டதன்று. யூடியூபிலேயே உலகைச் சுற்றிவந்தது. இரைச்சல் என்று ஒதுக்குவோர் இவ்வொலியையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர் என்பதை மறத்தலாகாது.

இன்று பாட்டு கைப்பேசியில் இருக்கிறது. பழைய இசைத்தட்டு ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் பாட்டை முடிக்கச் சொல்லியது. இன்றைய இணையச் சேவை முதல் 30 நொடிகளுக்குள் கேட்போனைப் பிடிக்கச் சொல்கிறது. ஸ்பாட்டிபை போன்றவற்றில் 30 நொடி ஓடினாலன்றி ஒருமுறை கேட்டதாகக் கணக்கில்லை. ஆதலால் முன்னிசை சுருங்குகிறது, பல்லவி முந்துகிறது. செவிப்பொறி மாட்டிய நால்வர் ஒரே அறையில் நான்கு பாடல்களைக் கேட்கின்றனர். நம் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. மேடையில் நால்வர் ஒலிவாங்கி பிடிக்க, முன்பே பதிவான இசை பின்னே ஓட, சபையார் திரையிற் சொற்களைப் பார்த்து உதடசைக்கிறார்கள். சுருதி அவர்களுக்கு எட்டுகிறதா என்று எவரும் கேட்பதில்லை.

பாடுவோர் மாற்றிக்கொள்ளும் பாட்டு முற்றும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. வடசென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் கானா பாடுகிறவர் இறந்தவரின் பெயரையும் தொழிலையும் பிள்ளைகளையும் அங்கேயே பாட்டில் கோத்துவிடுகிறார். சூழ இருப்போர் அவர் விட்ட இடத்தில் எடுத்துக்கொடுக்கின்றனர். அவ்வீடுகளுள் கிறிஸ்தவ வீடுகளும் உண்டு. காலையில் ஆயர் அடக்க ஆராதனைக்கு வருமுன் அந்தப் பாடகர் கருவிகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பார்.